தேயிலை மலை முஸ்லிம்களை யார் எழுதுவது?

பேராதனையில் புறப்படும் ஏ-5 வீதி கம்பளை, புசல்லாவ, இறம்பொடை என்று வளைந்து வளைந்து நுவரெலியாவுக்கு ஏறுகிறது. அங்கிருந்து பதுளைப் பக்கம் இறங்கி, கடைசியில் மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியில் போய் முடிகிறது. இலங்கை முஸ்லிம்களைப் பற்றிய ஆய்வு வரலாற்றின் பெரும்பகுதியை இந்த ஒரு வீதியோரமாகவே சொல்லிவிடலாம். வீதி தொடங்கும் இடத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முஸ்லிம் சமூகத்தைப் பற்றி நாட்டில் நடந்த முக்கியமான ஆய்வுகளில் பல அங்கே பிறந்தவை. அடுத்த பெரிய ஊரான கம்பளையில்தான் 1915ஆம் ஆண்டுக் கலவரத்துக்குக் காரணமான வழக்கு எழுந்தது. வீதி முடியும் செங்கலடியை ஒட்டினாற்போல் ஏறாவூர். 1990 ஆகஸ்டில் ஓர் இரவில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அங்கே கொல்லப்பட்டார்கள்.

இந்த இரு முனைகளைப் பற்றியும் நூல்கள் வந்துள்ளன, கருத்தரங்குகள் நடந்துள்ளன, பட்டங்கள் பெறப்பட்டுள்ளன. நடுவில் இருக்கும் தேயிலை மலைக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை.

இறம்பொடையைத் தெரியாதவர்கள் குறைவு. 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவி, சின்மயா மிஷன் எழுப்பிய ஆஞ்சநேயர் கோயில், வீதியில் வரும் சுரங்கப்பாதை, கீழே கொத்மலை நீர்த்தேக்கம் எல்லாம் சுற்றுலாப் படங்களில் அடிக்கடி வருபவை. சுற்றியுள்ள மலைகளில் தேயிலையும் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களும். இங்கே வாழ்பவர்கள் யார் என்று வெளியூர்க்காரரிடம் கேட்டால், தோட்டத்தில் தமிழர், கிராமத்தில் சிங்களவர் என்று பதில் வரும். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பதிலுக்குள் அடங்காத ஒரு சமூகமும் இந்த மலைகளில் இருக்கிறது.

2012ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பைப் பார்ப்போம். நுவரெலியா மாவட்டத்தில் தம்மை இலங்கைச் சோனகர் என்று பதிந்தவர்கள் சுமார் 2.5 வீதம். சமயம் இஸ்லாம் என்று பதிந்தவர்கள் கிட்டத்தட்ட 3 வீதம். நாடு முழுவதற்குமான கணக்கிலும் இதே இடைவெளி உண்டு: சோனகர் 9.3 வீதம், முஸ்லிம்கள் 9.7 வீதம். இந்தச் சிறிய இடைவெளிக்குள் யார் இருக்கிறார்கள்? மலாயர்கள் இருக்கிறார்கள். மேமன், போரா போன்ற சிறு சமூகத்தவர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட முஸ்லிம் குடும்பங்களின் வாரிசுகளும் இருக்கிறார்கள். தோட்டப் பகுதியில் இந்தக் கடைசிப் பிரிவுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் கணக்கெடுப்புகளில் ‘இந்தியச் சோனகர்’ என்று தனி வரி ஒன்று இருந்தது. 1946இல் அந்த வரியில் 35,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2012ஆம் ஆண்டு அட்டவணையில் அந்த வரியே இல்லை.

வரி போனதால் மக்கள் போய்விடுவதில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். ஒரு பகுதியினர் இலங்கைச் சோனகர் ஆனார்கள். வேறு சிலர் தமிழர் என்றே பதிந்திருக்கக்கூடும். யார் எப்போது எந்தக் கட்டத்துக்குள் போனார்கள், ஏன் போனார்கள் என்பதைப் பின்தொடர்ந்தால் அடையாளம் என்பது எப்படி உருவாகிறது என்று கண்ணெதிரே காணலாம். இலங்கை முஸ்லிம்களைப் பற்றிய கல்வித்துறை விவாதம் தொடங்கியதே இந்தக் கேள்வியில்தான்.

1885இல் சட்டசபையில் பேசிய பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர்கள் இனத்தால் தமிழர்கள் என்று வாதிட்டார். பேசும் மொழி, திருமணச் சடங்குகள், பழக்கவழக்கங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, மதம் மாறிய தமிழர்களே இவர்கள் என்றார். 1888இல் அதை ஒரு கட்டுரையாக ரோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வெளியிட்டார். அதற்கு முழுமையான மறுப்பு 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸிடமிருந்து வந்தது. அரபு நாட்டிலிருந்து வந்து குடியேறிய வணிகர்களே தம் மூதாதையர் என்றும், மொழி ஒன்றானதால் இனமும் ஒன்றாகிவிடாது என்றும் அவர் வாதாடினார்.

இரண்டு வாதங்களுக்கும் பின்னால் ஓர் ஆசனம் இருந்தது. சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா, தமிழ்ப் பிரதிநிதியே போதுமா என்பது அந்தக் காலத்துச் சூடான கேள்வி. இராமநாதன் கட்டுரை வெளிவந்த மறு ஆண்டே, 1889இல், முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைத்தது. காதிரி இஸ்மாயில் போன்ற பிற்கால ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டி, ‘சோனகர் யார்’ என்ற விவாதம் கொழும்பு மேல்தட்டினர் தம் அரசியல் தேவைக்காக நடத்திய விவாதம் என்று எழுதினார்கள். அந்தக் கணிப்பை ஏற்கத்தான் வேண்டும். அதே நேரத்தில் கண்டியில் சித்தி லெப்பை என்ற வழக்கறிஞர் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலை வெளியிட்டார். முஸ்லிம்களுக்குத் தனித்த கல்வி வேண்டும், தனித்த விழிப்பு வேண்டும் என்று அவர் எழுதியது தமிழில். இனம் என்ன என்று சட்டசபையில் தர்க்கம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், தமிழ் மொழிக்குள்ளேயே ஒரு முஸ்லிம் பொதுவெளியை அவர் கட்டிக்கொண்டிருந்தார்.

இந்த விவாதம் நடந்த காலத்தில் மலைகளில் கோப்பி அழிந்து தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் ஆள் கட்டிக் கொண்டுவந்தார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். கிறிஸ்தவர்களும் சிறு தொகையாக முஸ்லிம்களும் இருந்தார்கள். இராமநாதனின் வாதத்துக்கு இவர்களைவிட நல்ல சான்று கிடைத்திருக்காது. தமிழ்நாட்டிலிருந்து வந்த, தமிழைத் தவிர வேறு மொழி அறியாத முஸ்லிம்கள் அவர்கள். அஸீஸின் வாதத்துக்கு இவர்களைவிடச் சங்கடமான சான்றும் கிடைத்திருக்காது. ஆயினும் அந்த விவாதம் கடற்கரை நகரங்களின் மரைக்காயர்களையும் வணிகக் குடும்பங்களையும் சுற்றியே நடந்தது. லயத்து முஸ்லிம் அதில் ஒரு பாத்திரமாக வரவே இல்லை.

ஏ-5 வீதியில் கம்பளைக்கு வருவோம். இங்கே நிதானித்துத்தான் ஆக வேண்டும்.

கம்பளையின் வலஹாகொட தேவாலயம் ஆண்டுதோறும் பெரஹரா எடுக்கும். மேளதாளத்தோடு ஊர்வலம் அம்பகமுவ வீதி வழியாகப் போவது வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே வீதியில் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. அதைக் கட்டியவர்கள் கரையோர முஸ்லிம்கள் என்று அழைக்கப்பட்ட, தென்னிந்தியக் கரையிலிருந்து வணிகத்துக்கு வந்தவர்கள். தொழுகை இடத்துக்கு முன்னால் மேளம் கொட்டக் கூடாது என்று அவர்கள் கேட்டார்கள். அதிகாரிகளும் குறிப்பிட்ட தூரத்துக்கு வாத்தியத்தை நிறுத்த வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். தேவாலய நிர்வாகத் தலைவரான ‘பஸ்நாயக்க நிலமே’ வழக்குத் தொடுத்தார். கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர் வரலாற்றாசிரியராகவும் பெயர் பெற்ற போல் ஈ. பீரிஸ். 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவு பௌத்த சமயத்தையும் அதன் சடங்குகளையும் காப்பதாக வாக்களித்திருக்கிறது என்று சொல்லி, 1914இல் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது.

நான்கு மாதங்கள்கூடச் செல்லவில்லை. மே 28ஆம் திகதி வெசாக் இரவில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு அருகே பக்திப் பாடல் குழுவின் ஊர்வலத்தின்போது கலவரம் மூண்டது. ஒரு வாரத்துக்குள் அது ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன, உயிர்கள் போயின. ஆங்கில அரசு இராணுவச் சட்டம் கொண்டுவந்து, அதன் பெயரால் சிங்களத் தலைவர்கள் பலரைச் சிறையில் போட்டது. ஜூலையில் ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். சிங்களத் தலைவர்களுக்காகச் சட்டசபையில் குரல் கொடுத்து, போர்க்காலக் கடலைக் கடந்து இலண்டன் வரை போனவர் அதே இராமநாதன். முப்பது ஆண்டுகளுக்கு முன் நீங்களும் தமிழரே என்று முஸ்லிம்களிடம் சொன்னவர், அவர்கள் கடைகள் எரிந்தபோது எதிர்த் தரப்புக்காக வாதாடினார் என்ற மனத்தாங்கல் முஸ்லிம்களிடம் தலைமுறை தலைமுறையாக நீடித்தது. தமிழர்–முஸ்லிம் உறவைப் பற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது.

1915ஐ ஆய்வாளர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதே ஒரு தனிக் கதை. மேளச் சத்தத்தால் வந்த சண்டை என்றுதான் பொதுவாகச் சொல்லப்பட்டு வந்தது. 1970இல் அமெரிக்காவின் ஆசியவியல் சஞ்சிகை ஒன்று இதற்கென ஒரு கருத்தரங்கப் பகுதியே வெளியிட்டது. அதில் எழுதிய குமாரி ஜயவர்தன, முதல் உலகப் போரால் வந்த விலையேற்றம், தட்டுப்பாடு, கடைக்காரர் மீது எளிய மக்களுக்கு மூண்ட கோபம், எழுந்துவந்த சிங்கள வணிகர்களின் போட்டி ஆகியவற்றை முன்னுக்குக் கொண்டுவந்தார். பொருளியலாளர் அமீர் அலி 1981இல் காரணங்களை மறுபடி எடைபோட்டார். மைக்கேல் ரொபர்ட்ஸ் மேளத்தை அற்பமாக ஒதுக்க முடியாது என்றார்: பொது வீதியில் யாருடைய ஒலி கேட்கலாம் என்ற கேள்வியில் யாருடைய நாடு இது என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது என்பது அவர் ஆய்வின் சாரம். இலங்கையில் பிறந்து ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த ஸ்ரான்லி தம்பையா 1996இல் வெளியிட்ட நூலில், 1915ஐத் தெற்காசியாவின் மற்ற இனக்கலவரங்களோடு அடுத்தடுத்து வைத்து, கூட்டம் எப்படித் திரட்டப்படுகிறது, வதந்தி எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தார். ஒரே நிகழ்வை நான்கு பேர் நான்கு வாசல்களால் உள்ளே போய்ப் பார்த்தார்கள். நல்ல ஆய்வு எப்படி வளர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இலங்கையில் குறைவு.

ஜயவர்தன சொன்ன கடைக்காரர்தான் தோட்டத்து வாழ்வில் நாள்தோறும் வருபவர். தோட்டத்தைச் சுற்றிய சிறு பட்டினங்களில் அரிசி, கருவாடு, துணி, வெற்றிலை விற்ற கடைகளில் பல முஸ்லிம்களுடையவை. சம்பள நாள்வரை பற்று வைத்து வாங்குவது தோட்டத்து வழக்கம். கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொள்வார். சம்பள நாளில் கணக்குத் தீர்க்கப்படும். தீராதது அடுத்த மாதத்துக்குப் போகும். தீபாவளிக்குத் தோட்டம் கொடுக்கும் முற்பணம் பெரும்பாலும் பட்டினத்துத் துணிக்கடைகளுக்கே வந்து சேரும். இதில் நம்பிக்கையும் இருந்தது, கடன்பட்டவரின் கசப்பும் இருந்தது. பசிக்கும் நேரத்தில் அரிசி கொடுத்த ‘நானா’வும் கணக்கில் கூட்டி எழுதினார் என்று சந்தேகிக்கப்பட்ட முதலாளியும் ஒரே ஆளாக இருந்திருக்கலாம். இந்த உறவை அருகிலிருந்து எழுதிய ஆய்வு வெகு சொற்பம். சமய நல்லிணக்கம் என்று மேடையில் பேசப்படுவதன் உண்மையான அடித்தளம் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது என்பதால், இந்தக் குறையால் வரும் இழப்பு பெரிது.

கலவரத்துக்கு முந்திய காலத்தைப் பற்றி வேறொரு சித்திரம் உண்டு. வரலாற்றாசிரியர் லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, ஓராயிரம் ஆண்டு இன நல்லுறவு என்று சொல்கிறது. கி.பி. 900 முதல் 1915 வரை என்று அவர் எல்லை வகுத்தார். கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்கள் பொதிமாட்டுத் தாவளங்களில் உப்பும் துணியும் மலைக்குள் கொண்டுவந்தார்கள், பாக்கு வெளியே கொண்டுபோனார்கள். அரண்மனை வைத்தியர்களாக இருந்த முஸ்லிம் குடும்பங்கள் நிலமானியம் பெற்றன. போர்த்துக்கீசர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை 1626இல் விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, பலரைக் கிழக்கே மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். இவையெல்லாம் சான்றுள்ள செய்திகள். ஆயினும் நல்லுறவு என்ற சொல்லை இங்கே கொஞ்சம் கவனமாகப் பிடிக்க வேண்டும். மன்னன் ஆதரித்தான் என்பதும் அயலவன் ஏற்றுக்கொண்டான் என்பதும் ஒன்றல்ல. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சமமாக நடத்தப்பட்டார்களா என்பது மூன்றாவது கேள்வி.

அயலவர் உறவுக்கு இன்னும் பழைய சாட்சி ஒருவர் இருக்கிறார். மொரோக்கோவிலிருந்து வந்த இப்னு பதூதா 1344இல் இலங்கையில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு சிவனொளிபாத மலைக்கு ஏறினார். முஸ்லிம்களுக்கு அது பாவா ஆதம் மலை. ஷீராஸ் நகரத்து ஞானி இப்னு கஃபீஃப் முன்னொரு காலத்தில் இந்த மலைவழியே போனபோது, பசியால் யானைக் கன்றைக் கொன்று தின்ற தோழர்களை யானைகள் கொன்றன, தின்ன மறுத்த ஞானியை மட்டும் முதுகில் ஏற்றி ஊரில் விட்டன என்று ஒரு கதையை அவர் கேட்டு எழுதியிருக்கிறார். அன்று முதல் இவ்வூர் மக்கள் முஸ்லிம்களை மதித்து வீட்டுக்குள் அழைக்கிறார்கள் என்றும் குறித்தார். கதை நடந்ததா என்பது வேறு. அயல் சமயத்தவரை ஏன் மதிக்கிறோம் என்பதற்கு மலைநாட்டு மக்கள் ஒரு காரணக் கதை வைத்திருந்தார்கள் என்பதே ஆய்வாளருக்கு மதிப்புள்ள செய்தி. இன்றும் நல்லதண்ணிப் பக்கமாக மலையேறப் போகிறவர்கள், தோட்டங்கள் நிறைந்த மஸ்கெலியா வழியாகத்தான் போகிறார்கள்.

கிழக்கில் நடந்த ஆய்வு வேறு தரத்தில் இருக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்தார். அங்கே இந்துத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பகிர்ந்துகொள்கிறார்கள், மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை அங்கே அழைத்துக்கொள்கிறார்கள், கோயில் நிர்வாகமும் பள்ளிவாசல் நிர்வாகமும் குடிப் பிரதிநிதிகளால் நடக்கின்றன என்று காட்டினார். அமைப்பில் இவ்வளவு ஒத்தவர்கள் அரசியலில் எப்படி எதிரெதிரே நின்றார்கள் என்பதே 2008இல் அவர் வெளியிட்ட பெரு நூலின் கேள்வி. கல்முனையில் பிறந்து பேராதனையில் பேராசிரியராக இருந்த எம்.ஏ. நுஃமான், முஸ்லிம் அடையாளம் என்றென்றைக்கும் நிலைத்த ஒன்றாக இருந்ததில்லை, காலனிய ஆட்சியும் தேசிய அரசியலும் போரும் அதைப் படிப்படியாக வடித்தன என்று விளக்கினார். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் ஒருசேர வெளியேற்றப்பட்டதைப் புவியியலாளர் ஷாஹுல் ஹஸ்புல்லாஹ் ஊர் ஊராகப் பதிந்துவைத்தார். மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த அவருக்கு அது சொந்தச் சமூகத்தின் துயரமும்கூட. 2018இல் அவர் மறைந்தார்.

கடலுக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஆய்வு செய்த மாட்டிசன் மைன்ஸ், 1975இல் வெளியிட்ட கட்டுரையில், சொந்த ஊரில் ராவுத்தர், லெப்பை, மரைக்காயர் என்று வாழ்ந்தவர்கள் நகரத்துக்கு வந்த பின் ‘முஸ்லிம்’ என்ற பொது அடையாளத்தை எப்படி முன்வைத்தார்கள் என்று எழுதினார். தமிழ்நாட்டில் தமிழ் முஸ்லிம் என்று ஒருவர் சொல்வதில் யாருக்கும் குழப்பம் இல்லை. இலங்கையின் கிழக்கில் அதே சொல்லை ஒரு முஸ்லிமிடம் சொன்னால் மறுப்பு வரும். மலையகத்து முஸ்லிம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். பாட்டன் கப்பலேறி வந்த ஊர் திருச்சிச் சீமையில். அடையாள அட்டை இலங்கையில். படித்த பள்ளிக்கூடம் தமிழ் மொழியில். ஜும்ஆத் தொழுகை சோனகர் நிர்வகிக்கும் பள்ளிவாசலில். சட்டத்தின் முன் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அவரை முஸ்லிமாக மட்டுமே பார்க்கிறது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை இந்திய வம்சாவளியாக மட்டுமே பார்த்தது.

இரண்டாவது பார்வை மிகக் கொடுமையானது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அந்தப் பங்கீட்டில் சமயம் கேட்கப்படவில்லை. தோட்டத்தில் வாழ்ந்த முஸ்லிமும் பிரஜாவுரிமை இல்லாமல் நின்றார். பற்றுக்கு அரிசி கொடுத்தவரும் பற்று வாங்கியவரும் ஒரே மண்டபம் முகாம் வழியாக இந்தியாவுக்குத் திரும்பியிருக்கக்கூடும். மலையக மக்களின் நாடற்ற நிலையைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. அதில் முஸ்லிம் குடும்பங்களின் அனுபவத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கிய நூலைத் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும்.

மலையக ஆய்வாளர்களை இதற்காகக் குறைசொல்வது சுலபம், நியாயமாகாது. வாலன்டைன் டானியல், டானியல் பாஸ், மைத்ரி ஜெகதீசன் போன்றவர்கள் தோட்டத்துக்குள் இருந்து எழுதிய நூல்கள் கூலி என்ற முகவரிக்குள் அடைக்கப்பட்டிருந்த மக்களை மனிதர்களாக உலகுக்குக் காட்டின. அந்தப் பெரும் வேலையில், பெரும்பான்மையான இந்துத் தொழிலாளர் முன்னுக்கு வந்தார்கள். முஸ்லிம் ஆய்வாளர்களின் கவனமோ கொழும்பு, கண்டி, கிழக்கு, வடக்கு என்று போய்விட்டது. ஒரு துறையில் இவர்கள் ‘முஸ்லிம்’, அடுத்த துறையில் இவர்கள் ‘தோட்டத்துக்காரர்’. இரு துறைகளும் ஒன்றையொன்று பார்த்து, அது உங்கள் பொறுப்பு என்று விட்டுவிட்டன.

இத்தனைக்கும் மலையகத்தின் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு முஸ்லிமின் பெயர் முன்வரிசையில் இருக்கிறது. ஏ. அஸீஸ் இந்தியாவில் பிறந்தவர். தமிழ் அவர் தாய்மொழியல்ல. 1939இல் உருவான இலங்கை இந்தியர் காங்கிரஸின் தலைவர்களில் ஒருவராக உயர்ந்தார். பின்னர் சௌமியமூர்த்தி தொண்டமானோடு முரண்பட்டு, 1950களில் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸைத் தனியே நடத்தினார். கோயில் திருவிழாவும் சாதிக் கட்டும் தோட்டத்து வாழ்வைப் பிணைத்திருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான இந்துத் தொழிலாளர் சந்தாப் பணம் கட்டி ஒரு முஸ்லிமைத் தம் தலைவராக ஏற்றார்கள். இது எப்படி நடந்தது? அவர் சமயம் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லையா, பொருட்டாக இருந்தும் கடந்து வந்தார்களா? அஸீஸைப் பற்றி அரசியல் வரலாற்றில் எழுதப்பட்டவை தேர்தல், பிளவு, கூட்டணி என்ற அளவில் நின்றுவிடுகின்றன. லயத்தில் இருந்தவர் அவரை எப்படிப் பார்த்தார் என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இப்போது மிகச் சிலரே மிஞ்சியிருப்பார்கள்.

மலாயர்களின் கதையும் இந்த மலைகளுக்கு உரியது. 1873இல் இலங்கை றைபிள் படையணி கலைக்கப்பட்டபோது, அதில் இருந்த மலாயச் சிப்பாய்களின் குடும்பங்கள் பொலிஸிலும் சிறைச்சாலையிலும் தோட்டங்களிலும் வேலை தேடின. அவர்களின் வரலாற்றைக் கைப்பிரதிகளோடு மீட்டெடுத்தவர் பி.ஏ. ஹுஸைன்மியா. வீட்டில் மலாய், தொழிலாளரோடு தமிழ், துரையோடு ஆங்கிலம் என்று வாழ்ந்த அந்தக் குடும்பங்கள் தோட்டத்து அதிகார அடுக்கில் நடுவில் இருந்தன. தொழிலாளர் பார்வையில் அவர்கள் முஸ்லிம்களாகத் தெரிந்தார்களா, துரையின் ஆட்களாகத் தெரிந்தார்களா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இப்போது ஆய்வு நடக்கும் சூழலே மாறிவிட்டது. 2014 ஜூனில் அளுத்கமையில் வன்முறை நடந்தது. அதன் பின் சட்டமும் சமூகமும் பற்றிய நிறுவனம் ஒன்றுக்காக ஃபர்ஸானா ஹனிஃபாவும் ஹரிணி அமரசூரியவும் மற்றவர்களும் சேர்ந்து ஆய்வறிக்கை ஒன்று தயாரித்தார்கள். அயலவர்கள் எல்லாரும் எங்கே போனார்கள் என்பதே அதன் தலைப்புக் கேள்வி. அந்த ஆய்வாளர்களில் ஒருவரான அமரசூரிய 2024இல் நாட்டின் பிரதமரானார். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனையில் வன்முறை மூண்டது. அவசர நிலை அறிவிக்கப்பட்டு, சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. வெறுப்புப் பேச்சைப் பரப்பத் தன் தளம் பயன்பட்டதற்கு ஃபேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் 250க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. கொரோனாக் காலத்தில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் குடும்பத்தாரின் கண்ணீருக்கு மதிப்பில்லாமல் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது.

இதற்குப் பிறகு முஸ்லிம் ஊர்களுக்கு வரும் கேள்விகளின் தன்மையே வேறாகிவிட்டது. தீவிரவாதம் எப்படி வளர்கிறது, யார் மதரஸா நடத்துகிறார், பெண்கள் ஏன் முகம் மறைக்கிறார்கள் என்ற கேள்விகளோடு வருகிறவர்களை மக்கள் அஞ்சுவது இயல்பு. ஃபர்ஸானா ஹனிஃபா இதற்கு வெகு முன்பே, 2008இல் வெளியிட்ட கட்டுரையில், முஸ்லிம் பெண்களின் பக்தி வட்டங்களை உள்ளிருந்து கேட்டு எழுதியிருந்தார். அந்தப் பெண்களின் மொழியில் அவர்களையே கேட்டால் கிடைக்கும் விடை வேறு என்பதற்கு அவர் கட்டுரை சான்று. ஒரு சமூகத்தை ஆபத்தாக நினைத்து ஆராய்வதும் அயலவராக நினைத்து ஆராய்வதும் தரும் அறிவு ஒன்றாக இருக்க முடியாது.

மலையகத்தில் அந்த இரண்டாவது வகை ஆய்வுக்கு வேண்டிய பொருள் கொட்டிக் கிடக்கிறது. புசல்லாவ, நுவரெலியா, அட்டன் போன்ற பட்டினங்களின் பள்ளிவாசல் நிர்வாகக் குறிப்புகள், முஸ்லிம் திருமணப் பதிவேடுகள், தோட்டங்களின் செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேடு, பாடசாலைகளின் அனுமதிப் பதிவேடு, கடைகளில் எஞ்சியிருக்கும் பழைய பற்றுக் கொப்பிகள், மண்டபம் முகாமின் ஆவணங்கள் என்று தேடும் இடங்கள் பல. 1977, 1981, 1983 ஆண்டுகளில் தமிழர் மீது வன்முறை ஏவப்பட்டபோது தோட்டப் பட்டினங்களின் முஸ்லிம்கள் யாருக்குக் கதவு திறந்தார்கள், யாருக்குத் திறக்கவில்லை என்பது வாய்மொழியாகத்தான் கிடைக்கும். 2019க்குப் பிறகு முஸ்லிம் கடைக்குப் போகாதே என்று பிரசாரம் கிளம்பியபோது தோட்டத்து மக்கள் என்ன செய்தார்கள் என்பதை இன்னும் நேரிலேயே கேட்கலாம். சங்கடமான விடைகளும் வரும். அவற்றையும் எழுத வேண்டும். நன்மையை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது நல்லிணக்கக் கூட்டத்துக்கு ஆகும், ஆய்வுக்கு ஆகாது.

இந்த வேலைக்கு முதலில் வேண்டியது தமிழ். தோட்டத்துத் தமிழும் முஸ்லிம் தமிழும் காதில் விழுந்து வளர்ந்தவர்கள் பேராதனையிலும் கிழக்கிலும் தென்கிழக்கிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் இப்போது நிறையவே படிக்கிறார்கள். மலையகத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போகும் மாணவர் தொகை முந்திய தலைமுறையைவிடக் கூடியிருக்கிறது. ஓர் இந்து மாணவியும் ஒரு முஸ்லிம் மாணவனும் சேர்ந்து ஒரே பட்டினத்தை எடுத்துக்கொண்டு, கோயில் வீட்டிலும் பள்ளிவாசல் வீட்டிலும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதிந்தால், இராமநாதனும் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸும் தொடாத இடத்தில் முதல் தரவு கிடைக்கும். பேராதனையில் காலையில் நுவரெலியா பஸ் ஏறினால் மதியத்துக்குள் இறம்பொடையில் இறங்கிவிடலாம். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் முதலில் போக வேண்டும்.